பந்தயக் காரும் பாதுகாப்புக் கணக்கும்: குறைந்த செலவில் ஓட்டுநரைக் காப்பது எப்படி?

சித்தூரில் நான் பணியாற்றும் கிளைக்குச் சில மாதங்களுக்கு முன் மூன்று நண்பர்கள் வந்தனர். ஒருவர் திருப்பதியில் கார் பழுதுபார்க்கும் பட்டறை நடத்துகிறார். மற்றொருவர் சித்தூரில் மாம்பழக்கூழ் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகிறார். மூன்றாமவர் கல்லூரி ஆசிரியர். மூவரும் முப்பது வயதைத் தாண்டியவர்கள்; பள்ளிக் காலம் முதல் கார் பந்தயத்தில் ஆர்வம் கொண்டவர்கள். பழைய மாருதி எஸ்டீம் ஒன்றை வாங்கிப் பந்தயக் காராக மாற்ற வேண்டும் என்பதும், முதலில் சிறு போட்டிகளிலும் பின்னர் மூவரும் மாறி மாறி ஓட்டும் நெடுநேரப் பந்தயத்திலும் பங்கேற்க வேண்டும் என்பதும் அவர்களுடைய விருப்பம். அதற்காகத் தனிநபர் கடன் பெறலாமா என்று கேட்டனர்.

அவர்கள் கொண்டு வந்த செலவுப் பட்டியல் ஒழுங்காகவே இருந்தது. கார், எஞ்சின் வேலை, சஸ்பென்ஷன், டயர், வண்ணப்பூச்சு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொகை குறித்திருந்தனர். கடைசி வரியில் மட்டும் ‘ஹெல்மெட், உடை, பெல்ட் முதலிய இதர செலவு’ என்று எழுதி, ஒரு சிறு தொகையை இட்டிருந்தனர். வணிகவியல் படித்த எனக்கு ‘இதர செலவு’ என்ற தலைப்பின் பொருள் தெரியும். பணம் போதாதபோது முதலில் குறைக்கப்படுவது அந்தத் தலைப்பில் உள்ள தொகைதான். மூவரிடமும் நான் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டேன்: உங்களில் ஒருவருக்கு விபத்து நேர்ந்தால் தவணையை யார் கட்டுவது? சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

அன்று தொடங்கிய உரையாடலுக்காக நான் தேடிப் படித்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன். பந்தயம் ஓட்டும் எண்ணம் இல்லாத வாசகர்களுக்கும் இதில் பயன் உண்டு. குறைந்த பணத்தில் உயிர்காக்கும் பொருளை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பது எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவான கேள்வி.

ஐந்நூறு டாலர் காரின் விதி

மலிவான கார்களைக் கொண்டு நடத்தப்படும் நெடுநேரப் பந்தயங்களில் பெயர் பெற்றது அமெரிக்காவில் 2006-ஆம் ஆண்டு தொடங்கிய ‘24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்’. உதவாத காரை ‘எலுமிச்சை’ என்று குறிப்பிடுவது அந்நாட்டு வழக்கு. அப்போட்டியில் காரின் மதிப்பு 500 டாலருக்கு மேற்படக் கூடாது என்பது அடிப்படை விதி. ஆயினும் அதற்கு ஒரு விலக்கு உண்டு. ஓட்டுநர் இருக்கை, பெல்ட், இரும்புக் கூண்டு, பிரேக், டயர் போன்ற பாதுகாப்பு சார்ந்த பொருள்கள் அந்த 500 டாலர் கணக்கில் சேர்வதில்லை. காரில் எவ்வளவு வேண்டுமானாலும் சிக்கனம் செய்யலாம், ஓட்டுநரின் உயிரில் சிக்கனம் கூடாது என்பதே இதன் கருத்து. அதனால் பல அணிகளில் காரின் விலையைவிடப் பாதுகாப்புச் சாதனங்களின் விலை பல மடங்கு அதிகமாக இருக்கிறது.

நம் பகுதிக்கும் குறைந்த செலவுப் பந்தயம் புதிதன்று. கோயம்புத்தூரைச் சேர்ந்த சுந்தரம் கரிவரதன், மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு ‘ஃபார்முலா மாருதி’ பந்தயக் காரை 1980களின் இறுதியில் உருவாக்கினார். செல்வந்தர் அல்லாதவரும் பந்தயத்தில் நுழைவதற்கு அது வழி செய்தது. சோழவரம் விமான ஓடுதளத்தில் நடைபெற்று வந்த பந்தயங்கள், 1990-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தடம் அமைந்த பிறகு அங்கே இடம்பெயர்ந்தன. சித்தூரிலிருந்து அத்தடம் இரண்டு, மூன்று மணி நேரப் பயணத்தில் உள்ளது.

அதே தடத்தில்தான் 2023 ஜனவரி 8 அன்று தேசிய அளவிலான கார் பந்தயத்தின்போது, பல்லாண்டு அனுபவம் கொண்ட 59 வயது ஓட்டுநர் ஒருவர் விபத்தில் உயிரிழந்தார். மற்றொரு காருடன் மோதிய அவருடைய கார் தடத்தை விட்டு விலகி, வேலியில் மோதிக் கவிழ்ந்தது. மாறாக, 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்திற்கான பயிற்சியில் நடிகர் அஜித்குமாரின் கார் தடுப்பில் மோதிப் பலமுறை சுழன்று நின்றது. அவர் காயமின்றி இறங்கி வந்தார். அதே பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. அனுபவமோ ஆபத்தோ யார் கையிலும் முழுமையாக இல்லை. நம் கையில் இருப்பது முன்னேற்பாடு மட்டுமே.

முதல் வரி: கூண்டு, இருக்கை, பெல்ட்

மோதலில் ஓட்டுநர் தம் இடத்திலேயே இருக்க வேண்டும். அவரைச் சுற்றியுள்ள இடம் நசுங்காமல் இருக்க வேண்டும். மற்றெல்லாச் சாதனங்களும் இவ்விரண்டும் நிறைவேறிய பின்னரே பயன் தரும்.

ரோல் கேஜ் எனப்படும் இரும்புக் கூண்டைப் பட்டறைகளில் மலிவாகச் செய்து தருவதாகச் சொல்வார்கள். அவ்வாறு செய்யும்போது எந்தக் குழாய் என்பதைக் கேட்டறிவது முக்கியம். உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்.ஐ.ஏ. தன் விதிகளில், தையல் இல்லாமல் குளிர்முறையில் இழுக்கப்பட்ட எஃகுக் குழாயையே குறிப்பிடுகிறது. முதன்மை வளைவுக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிமனும் கொண்ட குழாய், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும் கொண்ட குழாய் இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் ஜி.ஐ. பைப் நீளவாட்டில் பற்றவைக்கப்பட்டது. மோதலில் அந்தத் தையல் பிளக்கலாம். தலை, முழங்கால் படக்கூடிய இடங்களில் கூண்டின்மீது அடர்ந்த பஞ்சு உறை கட்டாயம் தேவை.

இருக்கையைப் பொறுத்தவரை, சாய்மானத்தை மாற்ற முடியாத ஒரே வார்ப்பான பந்தய இருக்கையே உகந்தது. சாய்மானம் மடங்கும் சாதாரண இருக்கை, பின்பக்க மோதலில் பெல்ட்டின் பிடியைத் தளர்த்திவிடும். எஃப்.ஐ.ஏ.-வின் 8855-1999 என்னும் தரக் குறியீடு உள்ள இருக்கைகள் குறைந்த விலைப் பிரிவிலும் கிடைக்கின்றன.

பந்தய பெல்ட் ஐந்து அல்லது ஆறு முனைகளில் உடலைப் பிடிக்கிறது. இங்கே பெரும்பாலான தவறுகள் பொருளில் அன்றி, பொருத்துவதில் நேர்கின்றன. தோள்பட்டைகள் தோளிலிருந்து பின்னோக்கி ஏறத்தாழ நேராகவோ சற்றே தாழ்ந்தோ செல்ல வேண்டும். பின் இருக்கை பெல்ட்டின் தரைப் பூட்டில் அவற்றைச் செங்குத்தாக இறக்கிக் கட்டினால், மோதலின் விசை முதுகெலும்பை மேலிருந்து அழுத்தும். இடுப்புப் பட்டை வயிற்றின்மீது அமராமல் இடுப்பெலும்பின்மீது அமர வேண்டும். இவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு மிகக் குறைவு. அறிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்ப்பதற்கான பயணச் செலவுகூட இதில் நல்ல முதலீடே.

இரண்டாம் வரி: தலைக்கவசம்

‘என்னிடம் நல்ல பைக் ஹெல்மெட் இருக்கிறதே’ என்பது வழக்கமான எண்ணம். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் இருசக்கர வாகனத்துக்கு உரியது. அதற்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 4151. சாலையில் அது இன்றியமையாதது. காரினுள் நிலைமை வேறு. அங்கே தலை, கூண்டின் இரும்புக் குழாயில் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் மோதக்கூடும், தீயும் பற்றக்கூடும். அமெரிக்காவின் ஸ்னெல் அறக்கட்டளை கார் பந்தயத்துக்கென ‘எஸ்ஏ’ என்ற தனித் தரம் வைத்திருக்கிறது. அதில் கூண்டுக் குழாய் மோதல் சோதனையும், உட்புறப் பஞ்சின் தீத்தடுப்புச் சோதனையும் உண்டு. அதே அமைப்பின் ‘எம்’ தரம் இருசக்கர வாகனத்துக்கானது. அதில் இவை இல்லை.

எஸ்ஏ தரம் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது: எஸ்ஏ2015, எஸ்ஏ2020, எஸ்ஏ2025. பெரும்பாலான போட்டி அமைப்பாளர்கள் அண்மைய இரண்டு பதிப்புகளை ஏற்பது வழக்கம். எனவே, மிகப் பழைய பதிப்பைப் பாதி விலைக்கு வாங்குவது சேமிப்பு அன்று. அடுத்த போட்டியிலேயே அதை வாயிலில் திருப்பி அனுப்புவார்கள். புதிய பதிப்பு வெளிவந்த வேளையில், விலை குறையும் முந்தைய பதிப்பை வாங்குவது முறையான சிக்கனம். எதை வாங்குவதாயினும், போட்டியின் விதிப்புத்தகத்தை முதலில் படித்துவிடுங்கள்.

விலை உயர்ந்த ஹெல்மெட்டைவிடச் சரியாகப் பொருந்தும் ஹெல்மெட்டே மேலானது. புருவத்துக்குச் சற்று மேலே தலையின் சுற்றளவை அளந்து கொள்ளுங்கள். அணிந்த பின் ஹெல்மெட்டைப் பிடித்து அசைத்தால் நெற்றித் தோலும் உடன் அசைய வேண்டும். இருபது நிமிடம் அணிந்திருந்து, ஓரிடத்தில் மட்டும் வலிக்கிறதா என்று பாருங்கள். ஒரே தரக் குறியீடு உள்ள இரண்டு ஹெல்மெட்டுகளில், கார்பன் இழையால் ஆனது எடை குறைவாக இருக்கும். விலையோ பெரிதும் கூடும். தரச் சோதனை இரண்டுக்கும் ஒன்றே. குறைந்த பணம் உள்ளவர் சாதாரண இழைக் கண்ணாடி வகையை மனநிறைவுடன் வாங்கலாம்.

மூன்றாம் வரி: கழுத்து

நேர்மோதலில் பெல்ட் உடலை நிறுத்திவிடுகிறது. தலையோ ஹெல்மெட்டின் எடையையும் சேர்த்துக்கொண்டு முன்னோக்கிப் பாய்கிறது. மண்டையோட்டின் அடிப்பகுதி முறிவதற்கு இதுவே காரணம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டும், அவருடைய மைத்துனரும் பந்தய ஓட்டுநருமான ஜிம் டவுனிங்கும், தங்கள் நண்பர் ஒருவர் 1981-இல் இத்தகைய காயத்தால் இறந்த பின் ஒரு சாதனத்தை உருவாக்கினர். தோள்மேல் அமரும் வளையமும், அதிலிருந்து ஹெல்மெட்டின் இருபுறமும் பூட்டப்படும் நாடாக்களும் கொண்ட அச்சாதனமே ‘ஹான்ஸ்’.

பல ஆண்டுகள் ஓட்டுநர்கள் அதை இடையூறாகக் கருதி ஒதுக்கினர். 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனா பந்தயத்தில் புகழ்பெற்ற ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இறந்த பிறகே நிலைமை மாறியது. அதே ஆண்டு நாஸ்கார் பந்தயங்களிலும், 2003-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்திலும் கழுத்துக் காப்பு கட்டாயமானது.

செலவுக் கணக்கில் இதற்குரிய செய்தி நல்லதே. வார்ப்புப் பிளாஸ்டிக் கலவையால் ஆன தொடக்க வகையும், கார்பனால் ஆன உயர்வகையும் ஒரே தரச் சோதனையில் தேறியவையே, வேறுபாடு எடையில்தான். ஆகவே தொடக்க வகை போதும். எஃப்.ஐ.ஏ. 8858 அல்லது எஸ்.எஃப்.ஐ. 38.1 குறியீடு உள்ளதா என்று மட்டும் பாருங்கள். பைக் ஹெல்மெட்டில் துளையிட்டு இந்தக் கொக்கியைப் பொருத்துவதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

நான்காம் வரி: தீ

2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைனில் ரோமன் குரோஷான் என்ற ஃபார்முலா ஒன் ஓட்டுநரின் கார் தடுப்பை உடைத்துக்கொண்டு தீப்பிழம்பாயிற்று. 28 வினாடிகள் தீக்குள் இருந்த அவர், பெரும்பாலும் கைகளில் தீக்காயங்களுடன் வெளியேறினார். பந்தய உடை ஓட்டுநரைத் தீயிலிருந்து முழுமையாகக் காப்பதில்லை. தப்பிச் செல்வதற்கான சில வினாடிகளை அது வாங்கித் தருகிறது.

அந்த வினாடிகளை எஸ்.எஃப்.ஐ. என்ற அமெரிக்கத் தர அமைப்பு எண்ணிலேயே சொல்கிறது. 3.2ஏ/1 குறியீடு உள்ள உடையில் இரண்டாம் நிலைத் தீக்காயம் ஏற்பட ஏறத்தாழ 3 வினாடிகள் ஆகும். 3.2ஏ/5 உடையில் அது ஏறத்தாழ 10 வினாடிகள். விலையில் உள்ள வேறுபாட்டை அந்த ஏழு வினாடிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெல்ட்டைக் கழற்றி, வலையை நீக்கி, கதவைத் திறந்து வெளியேற மூன்று வினாடிகள் போதுமா என்பதை நின்றிருக்கும் காரில் நீங்களே சோதித்துக் கொள்ளலாம்.

உள்ளே அணியும் நோமெக்ஸ் இழை உள்ளாடை மேலும் சில வினாடிகளைச் சேர்க்கும். பணம் குறைவாக இருந்தால், மிக விலை உயர்ந்த உடைக்குப் பதிலாக நடுத்தர உடையும் நோமெக்ஸ் உள்ளாடையும் சேர்த்து வாங்குவது சிறந்தது. பாலியஸ்டர் பனியன் அணியவே கூடாது. அது வெப்பத்தில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கையுறை, காலணி, முகமூடி ஆகிய மூன்றும் தீத்தடுப்புத் தரம் பெற்றவையாக இருக்க வேண்டும். இரண்டு கிலோ தீயணைப்பானை உலோகப் பட்டையால், ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் பொருத்துங்கள். பிளாஸ்டிக் பிடிப்பில் வைத்த தீயணைப்பான், மோதலில் ஓட்டுநரின் மேலேயே வந்து விழக்கூடும்.

மூவருக்கு ஒரு கார்

நெடுநேரப் பந்தயத்தில் ஒரு காரைப் பலர் ஓட்டுகிறார்கள். எனவே செலவைப் பொதுச் செலவு, தனிச் செலவு என்று பிரிப்பது நல்லது. கூண்டு, இருக்கை, பெல்ட், தீயணைப்பான் ஆகியவை பொதுவானவை. ஹெல்மெட், கழுத்துக் காப்பு, உடை, கையுறை, காலணி ஆகியவை ஒவ்வொருவருக்கும் தனி. ‘ஒரே ஹெல்மெட்டை மூவரும் மாற்றிக்கொள்வோம்’ என்று எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் சொன்னார். மூவரின் தலை அளவும் ஒன்றாக இருந்தால் ஒழிய, குறைந்தது இருவருக்கு அது பொருந்தாத ஹெல்மெட்டாகவே இருக்கும்.

இருக்கையை அணியில் பருமனானவருக்கு ஏற்ப வாங்கி, மற்றவர்களுக்குத் தீத்தடுப்பு உறையிட்ட பஞ்சுத் திணிப்பைப் பயன்படுத்தலாம். ஓட்டுநர் மாறும் ஒவ்வொரு முறையும் பெல்ட்டை இறுக்கிச் சரிபார்க்கும் பொறுப்பை வெளியே நிற்கும் ஒருவருக்கே அளியுங்கள். அவசரத்தில் தளர்வாக விடப்படும் பெல்ட்டுக்கு எந்தத் தரக் குறியீடும் உதவாது.

திருப்பதிக் கோடையில் வெப்பம் 40 டிகிரியைக் கடப்பது வழக்கம். இருங்காட்டுக்கோட்டையிலும் வெயில் குறைவன்று. வியர்வை தாங்காமல் உடையின் கழுத்தைத் திறந்து விடும் ஓட்டுநர், கொடுத்த விலையின் பயனை அப்போதே இழக்கிறார். ஒவ்வொருவரும் ஓட்டும் நேரத்தைக் குறைத்து, காரில் குடிநீர் வசதி செய்து கொள்வது செலவில்லாத தீர்வு.

பழைய பொருள் மலிவா?

இங்கே ஒரு தேய்மானக் கணக்கு உதவும். ஐந்தாண்டு செல்லுபடியாகும் புதிய பெல்ட்டின் விலை 20,000 ரூபாய் என்று ஓர் எடுத்துக்காட்டுக்காகக் கொள்வோம். ஆண்டுச் செலவு 4,000 ரூபாய். ஓராண்டு மட்டுமே எஞ்சியுள்ள பழைய பெல்ட் 10,000 ரூபாய்க்குக் கிடைத்தால், ஆண்டுச் செலவு 10,000 ரூபாய். பாதி விலைக்கு வாங்கிய பொருள் இரண்டரை மடங்கு செலவு வைக்கிறது. பெல்ட்டின் சிட்டையில் அச்சிட்ட காலாவதி ஆண்டைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

பழைய ஹெல்மெட்டையும் பெல்ட்டையும் வாங்காமல் இருப்பதே நல்லது. ஒருமுறை மோதலுக்கு உட்பட்டதா என்பதை வெளித்தோற்றத்தில் கண்டுபிடிக்க இயலாது. கிழிசலும் எண்ணெய்க் கறையும் இல்லாத பழைய உடை, விபத்தைக் காணாத கழுத்துக் காப்பு ஆகியவற்றை, வரலாறு தெரிந்தவரிடம் வாங்கலாம். வெளிநாட்டிலிருந்து வருவிப்போர் சுங்க வரி, அனுப்பும் செலவு ஆகியவற்றையும் சேர்த்தே விலையை ஒப்பிட வேண்டும்.

கடனும் காப்பீடும்

இந்தியாவில் வழங்கப்படும் வழக்கமான மோட்டார் காப்பீட்டுப் பத்திரங்கள், ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு வாகனம் பயன்படுத்தப்படுவதை விலக்கி வைக்கின்றன. மருத்துவக் காப்பீட்டிலும், தொழில்முறையாக மோட்டார் பந்தயத்தில் ஈடுபடுவதால் நேரும் சிகிச்சைச் செலவு விலக்குகளின் பட்டியலில் இடம்பெறுகிறது. தனிநபர் விபத்துக் காப்பீட்டின் விதிகளையும் கையெழுத்திடும் முன் படித்து, அமைப்பாளர் தரும் காப்பீடு எவ்வளவு என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

வங்கிக்கு அடமானப்படுத்திய காரைப் பந்தயத்துக்காக மாற்றியமைக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களிலிருந்து வேறுபடுமாறு வாகனத்தை மாற்றுவதற்குத் தடை உள்ளது. கூண்டு பொருத்திய காரைச் சாலையில் ஓட்டுவது வேறு வகையிலும் ஆபத்தானது: ஹெல்மெட் அணியாத தலைக்கு அந்த இரும்புக் குழாயே எமனாகும். பந்தயக் காரை வண்டியில் ஏற்றித்தான் தடத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். திருமலை மலைப்பாதையோ சித்தூர்ச் சாலையோ பயிற்சிக் களம் அன்று.

இரண்டு வாரங்களுக்குப் பின் அந்த மூவரும் புதிய பட்டியலுடன் வந்தனர். கூண்டும் இருக்கையும் பெல்ட்டும் முதல் வரியில் இருந்தன. மூவருக்கும் தனித்தனி ஹெல்மெட்டும் கழுத்துக் காப்பும் அடுத்து வந்தன. எஞ்சின் வேலை பாதியாகக் குறைந்திருந்தது. வண்ணப்பூச்சு அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. ‘இதர செலவு’ என்ற வரியே இல்லை. கேட்ட கடன்தொகையும் முன்னதைவிடக் குறைவு. இவ்வாண்டு பயிற்சியும் உரிமமும் மட்டும், போட்டி அடுத்த ஆண்டுதான் என்று ஆசிரியர் நண்பர் சொன்னார். மூவரும் வாரிசு நியமனப் படிவங்களை நிரப்பிக் கொடுத்த பிறகு, விண்ணப்பத்தை நான் மேல்நடவடிக்கைக்கு அனுப்பினேன்.